மனை விளம்பரத்துக்கு ஏஐ படம்: புரோமோட்டர்களும் புரோக்கர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, ஜிஎஸ்டி ரோடு என்னும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மனை போடுகிற புரோமோட்டர்களுக்கு நோட்டீஸ், ப்ரோஷர், வாட்ஸ்அப் விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் "படம் எப்ப ரெடியாகும்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது படத்தை அவர்களே ஏஐ-யில் செய்து அனுப்பிவிட்டு, "இதைப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டப் பிரிவுகளை என் தொழிலுக்கு வேண்டிய அளவு படித்தவன், அவ்வளவுதான்.

ஏஐ படமே போடக் கூடாதா?

போடலாம். நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: சைட்டின் வாசல் கேட்டுக்கு உள்ளே கற்பனை செய்யலாம், கேட்டுக்கு வெளியே கூடாது.

லேஅவுட்டுக்குள், அதாவது மனைகளாகப் பிரித்த இடத்துக்குள், வரப்போகிற சாலை, பூங்கா, வீடு எல்லாம் நீங்கள் கட்டித் தரப்போகிறவை. இன்னும் கட்டாததைப் படம் எடுக்க முடியாது என்பதால் வரைந்துதான் காட்ட வேண்டும். கையால் வரைந்த காலமும் இருந்தது, கம்ப்யூட்டரில் த்ரீடி போட்ட காலமும் இருந்தது, இப்போது ஏஐ. ஆனால் கேட்டுக்கு வெளியே இருக்கிற தெரு, ஏரி, பஸ் ஸ்டாப், பக்கத்து ஊர் ஆகியவை ஏற்கனவே இருக்கின்றன. அவற்றை நீங்கள் விற்கவும் இல்லை, மாற்றவும் முடியாது. இருக்கிற ஒன்றுக்குக் கற்பனைப் படம் எதற்கு? போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது. போட்டோ எடுக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கும். வாங்க வருகிறவரும் அந்தக் காரணத்தைத்தான் தேடுகிறார்.

கேட்டுக்குள் என்றால் என்ன வேண்டுமானாலும் காட்டலாமா?

அப்ரூவல் ஆன வரைபடத்தில் இருப்பதை மட்டும் காட்டலாம். மனைப் பிரிவுக்கு ஒப்புதல் தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் தந்த லேஅவுட் பிளானைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் நான் படம் செய்ய உட்காருவேன்.

முதல் தகராறு சாலையில் வரும். பிளானில் 30 அடி சாலை என்று இருக்கும். ஏஐ-யிடம் "அழகான குடியிருப்புச் சாலை" என்று கேட்டால் நடுவில் மீடியன், இரண்டு பக்கமும் நடைபாதை, வரிசையாக மரம் என்று 80 அடிக்கு ஒரு சாலை போட்டுத் தரும். அதில் நிற்கும் கார் ஒரு பொம்மை மாதிரி இருக்கும். வாங்குகிறவர் டேப் கொண்டு வரமாட்டார்தான், ஆனால் இரண்டு கார் எதிரெதிரே வரும்போது ஒன்று ஒதுங்கி நிற்பதை முதல் நாளே பார்த்துவிடுவார்.

அடுத்தது பூங்கா. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகிற லேஅவுட்டில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். எழுதிக் கொடுத்த பிறகு அது உள்ளாட்சியுடையது. அந்த இடத்தில் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இருப்பது போல ஏஐ படம் போட்டுத் தருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் நிலத்தில் நீங்கள் குளம் வெட்டுவதாக விளம்பரம் செய்கிறீர்கள் என்று சொன்னால்தான் அவர்களுக்கே உறைக்கிறது.

நுழைவு வளைவு, தெருவிளக்கு, மரக்கன்று இதெல்லாம் செய்யப்போவதாக இருந்தால் காட்டுங்கள். ஆனால் நடப்போவது மூன்றடிக் கன்று என்றால், படத்தில் முப்பது வருட வயதான தூங்குமூஞ்சி மரம் நிழல் பரப்பிக்கொண்டு நிற்கக் கூடாது.

"மாதிரிப் படம்" என்று கீழே போட்டுவிட்டால் போதும்தானே?

எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் தாயத்து இது. பலன் கொஞ்சம்தான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பொறுப்புத் துறப்பு, அதாவது "மாதிரிப் படம்" போன்ற அடிக்குறிப்பு, எப்படி இருக்க வேண்டும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத்தின் முக்கியமான சேதியை அது மறுக்கக் கூடாது. முக்கியத் தகவலை மறைக்கப் பயன்படக் கூடாது. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் நோட்டீஸ் அடித்துவிட்டு, அடியில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் "கலைஞரின் கற்பனை" என்று போடும் வழக்கம் இந்த இடத்திலேயே அடிபடுகிறது.

இன்னும் எளிமையாகச் சொன்னால், படம் "ஏரிக்கரை வீடு" என்று கத்துகிறது, அடிக்குறிப்பு "ஏரி இல்லை" என்று முணுமுணுக்கிறது. முணுமுணுப்பு கத்தலை ரத்து செய்யாது.

கேட்டுக்கு உள்ளே இருப்பதற்கு "மாதிரிப் படம்" என்பது நியாயமான வார்த்தை. வெளியே இருப்பதற்கு அந்த வார்த்தையே பொருந்தாது. பக்கத்துத் தெருவுக்கு ஏது மாதிரி?

சட்டம் என்னதான் சொல்கிறது? சின்ன புரோமோட்டரை யார் கேட்கப் போகிறார்கள்?

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் சொல்லும் ரெரா. அதன் 3-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவிலிருந்து விலக்கு உண்டு. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது 11-ஆம் பிரிவு.

நம் விஷயத்துக்கு நேராக வருவது 12-ஆம் பிரிவு. விளம்பரத்திலோ ப்ரோஷரிலோ உள்ள தகவலை நம்பி, அல்லது மாதிரி வீட்டையோ மாதிரி மனையையோ பார்த்து ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து, அந்தத் தகவல் பொய்யானதால் நஷ்டப்பட்டால், புரோமோட்டர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். படமும் ஒரு தகவல்தான் என்று வாதிட ஒருவர் ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. தரப்போவதில்லாத வசதிகளை விளம்பரப்படுத்தினால் பதிவையே ரத்து செய்ய 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. 61-ஆம் பிரிவில் அபராதம், திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

இது போக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

"யார் கேட்கப் போகிறார்கள்" என்பதற்கு என் பதில்: அட்வான்ஸைத் திரும்ப வாங்க வழி தேடுகிறவர் கேட்பார். அவர் கையில் முதல் சாட்சியாக இருப்பது நீங்கள் அனுப்பிய படம்தான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதெல்லாம் விளம்பரமா?

ஆமாம். ரெரா சட்டத்தில் விளம்பரம் என்பதற்கான விளக்கமே எந்த ஊடகமானாலும், எந்த வடிவமானாலும் என்று அகலமாகத்தான் இருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆனால் ஸ்கிரீன்ஷாட் மறையாது.

ஏரி பக்கத்தில்தான் சைட் இருக்கிறது. ஏரியை அழகாகக் காட்டினால் என்ன தப்பு?

இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு லேஅவுட். பக்கத்தில் நிஜமாகவே ஏரி இருந்தது. நான் எடுத்த போட்டோவில் ஏரி சுமாராக இருந்ததால், ஏஐ-யில் கொடுத்து "நீர் நிறைந்த ஏரி, மாலை வெளிச்சம்" என்று கேட்டேன். கரை வரை நீலத் தண்ணீர், இரண்டு வாத்து, கரையோரம் புல்தரை, ஒரு மர பெஞ்சு என்று வந்தது. புரோமோட்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொங்கல் சமயத்தில் விளம்பரம் ஓடியது. வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரம், ஏரியில் உண்மையாகவே தண்ணீர் இருந்ததால் அப்போது வந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே படம் மே மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. சைட் விசிட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. கூட வந்த பாட்டி காரிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "ஏரி எங்கப்பா?" எதிரே வெடித்துக் கிடந்த தரையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஏரி என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவர்கள் எங்கள் பட்டாவையும் நம்பவில்லை. பட்டா சரியாகத்தான் இருந்தது.

வறண்ட ஏரியை நிரப்பிக் காட்டியதைவிடப் பெரிய தப்பு ஒன்றைப் பிறகுதான் கவனித்தேன். அசல் போட்டோவில் ஒரு ஓரமாகக் கலங்கலும் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் தடுப்புச் சுவர்), அதிலிருந்து போகும் உபரிநீர் வாய்க்காலும் தெரிந்தன. ஏஐ அந்த இடத்தைப் "புல்தரை" ஆக்கியிருந்தது. அதற்குக் கலங்கல் என்றால் என்னவென்று தெரியாது, ஏதோ உடைந்த சுவர் என்று நினைத்துச் சுத்தம் செய்துவிட்டது போல. ஆனால் வீடு வாங்குகிறவருக்கு அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பது ஏரியைவிட முக்கியமான சேதி. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எங்கே வந்தது, 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எப்படி இருந்தது என்று இங்கே மனை வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கிறது. நீர்நிலை தெரியும் படத்தில் ஏஐ-யைத் தொடவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அது எதை அழித்திருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே உடனே தெரியாது.

இப்போது ஏரி இருக்கிற சைட் என்றால், மழைக்கு அப்புறம் ஒன்று, கோடையில் ஒன்று என இரண்டு போட்டோவையும் மாதத்தோடு சேர்த்துப் போடுகிறேன். ஏரியைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இதனால் குறையவில்லை. கோபத்தோடு திரும்பிப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

வரப்போகிற மெட்ரோ, ஏர்போர்ட் எல்லாம் காட்டலாமா? அரசாங்கமே அறிவித்ததுதானே?

அறிவித்ததை வார்த்தையில் எழுதுங்கள். எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படமாகப் போடாதீர்கள்.

கிளாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்தில் வர வேண்டிய ரயில் நிலையம் அன்று தயாராக இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகவே பேச்சு நடக்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்பே அந்தப் பக்கத்து நோட்டீஸ்களில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பரந்தூரும் அப்படித்தான். சென்னையின் புதிய விமான நிலையத்துக்கு 2022-ல் அந்த இடம் அறிவிக்கப்பட்டது, 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும், அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலிருந்தே போராடி வருகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் வயலும் ஏரியும்தான். அந்தப் பக்கம் மனை விற்கிற ஒருவர் எனக்கு அனுப்பிய ஏஐ படத்தில் கண்ணாடி டெர்மினல், மேலே ஏறும் விமானம், முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பம். நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிற ஊர்க்காரரின் வயல் மேல் நீங்கள் ரன்வே வரைந்து விற்கிறீர்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அறிவித்த திட்டத்துக்கும் கட்டி முடித்த திட்டத்துக்கும் நடுவே நம் ஊரில் எத்தனை வருடம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் "உத்தேசத் திட்டம்" என்று போட்டால் அந்த வருடங்கள் தெரியும். படத்தில் அவை தெரியாது.

"10 நிமிடத்தில் ஸ்டேஷன்" என்று போடுவது?

இது ஏஐ கேள்வி இல்லை, இருந்தாலும் கேட்கிறார்கள். கிலோமீட்டரில் எழுதுங்கள். பத்து நிமிடம் என்பது விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் உண்மை.

எத்தனை முறை கேட்டாலும் ஏஐ படம் நம்ம ஊர் மாதிரியே வரமாட்டேன் என்கிறதே?

வராது. அது அதிகம் பார்த்த "குடியிருப்புப் பகுதி" அமெரிக்கப் புறநகர்தான். "அமைதியான தெரு" என்றால் சாய்வுக் கூரை, புல்வெளி, கராஜ், வாசலில் தபால்பெட்டி என்று கொடுக்கும். கார் சாலையின் வலது பக்கம் போகும். பனை மரம் கேட்டால் பேரீச்சை மாதிரி ஒன்று வரும். ஆட்டோ கேட்டால் சில சமயம் நாலு சக்கரத்தோடு வரும். கோவில் கோபுரம் தூரத்தில் பார்க்க நன்றாக இருக்கும், பெரிதாக்கினால் பொம்மைகள் மெழுகு மாதிரி உருகியிருக்கும். கடைப் பலகையில் இருப்பது தமிழ் போலவே இருக்கும், படித்தால் ஒரு எழுத்தும் ஒட்டாது.

நம் பக்கத்துத் தெரு என்றால் என்ன? மொட்டை மாடி, அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, வெளியே ஏறும் படிக்கட்டு, வாசலில் கோலம், குறுக்கும் நெடுக்கும் கேபிள், காலி மனையில் சீமைக்கருவேலம், எல்லைக் கல். இதையெல்லாம் வரிசையாக எழுதிக் கேட்டால் ஓரளவு வரும். ஆனால் அப்படி மெனக்கெட்டு நிஜம் மாதிரியே ஒரு பொய்த் தெருவைச் செய்வதற்கு, பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிஜத் தெருவையே எடுத்துவிடலாம்.

கேட்டுக்கு உள்ளே காட்டுவதற்கு நான் செய்யும் முறை இது. சைட்டின் நிஜ போட்டோவை அடித்தளமாக வைப்பேன். லேஅவுட் எல்லைக்குள் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் சாலையையும் வீட்டையும் போடச் சொல்வேன். எல்லைக்கு வெளியே உள்ள மரம், மின்கம்பம், பக்கத்து வீட்டின் பூசாத சுவர் எல்லாம் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அசலையும் இதையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, வெளியே ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடிக்கடி நகர்ந்திருக்கும். "அங்கே தொடாதே" என்று சொன்னாலும் தொடும்.

இன்னொன்று, திசை. கிழக்குப் பார்த்த மனை என்று எழுதிவிட்டு, வாசலுக்கு எதிரே சூரியன் அஸ்தமிப்பது போல படம் போட்டிருந்தார் ஒருவர். மற்றதை மன்னிப்பார்கள், வாஸ்து பார்க்கிறவர்கள் இதை மன்னிக்கவே மாட்டார்கள்.

வானத்தை நீலமாக்கலாமா? குப்பையை அழிக்கலாமா? மின்கம்பியை?

வானம், வெளிச்சம், சாய்ந்த போட்டோவை நேராக்குவது, இதிலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை. படம் எடுத்த அன்று கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவிடலாம், அது நாளைக்கு இருக்காது. குப்பைமேடு என்றால் அது நாளைக்கும் இருக்கும், அதை அழிக்கக் கூடாது. தலைக்கு மேல் போகிற உயர் அழுத்த மின்கம்பி, டிரான்ஸ்பார்மர், செல்போன் டவர், சுடுகாடு, டாஸ்மாக், கல்குவாரி: இதில் எதையும் தொடாதீர்கள். வாங்குகிறவர் அங்கே குடியிருக்கப்போகும் ஒவ்வொரு நாளும் பார்க்கப்போவது எதுவோ அதை அழித்தால் ஏமாற்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்குத் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், டிஜிட்டலாக மாற்றிய படத்தை வீடு விற்கும் விளம்பரத்தில் போட்டால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், மாற்றாத அசலையும் பார்க்க வழி தர வேண்டும். நமக்கு அது பொருந்தாது. ஆனால் அசலையும் பக்கத்தில் வைப்பது நல்ல யோசனை. ப்ரோஷரின் பின்பக்கம் அசல் போட்டோவைப் போட்டுப் பாருங்கள், செலவு ஒன்றும் அதிகமாகாது.

படத்தில் ஆட்களைக் காட்டலாமா?

லேஅவுட் படத்தில் நடந்து போகும் நாலு பேர் இருந்தால் அளவு புரியும், அதற்கு ஏஐ ஆட்கள் போதும். ஆனால் "இங்கே வாங்கியவர்கள் சொல்கிறார்கள்" என்று ஏஐ முகத்தோடு பாராட்டு போடுவது அப்பட்டமான மோசடி. சினிமா நட்சத்திரம் சாயலில் ஒருவரைச் செய்து நிறுத்துவதும் வேண்டாம், வேறு வகை நோட்டீஸ் வீட்டுக்கு வரும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். "பக்கத்து வீட்டுக்காரர்கள்" என்று கேட்டால் ஏஐ எப்போதும் ஒரே வகைக் குடும்பத்தைத்தான் தரும், வெளுத்த நிறம், ஒரே மாதிரி உடை. "நம்ம ஆளுங்க ஏரியா" என்று சிலர் வாய்விட்டுச் சொல்லாததை அந்தப் படம் சொல்லிவிடும். ஒரு தெருவில் யார் குடியிருப்பார்கள் என்று விளம்பரம் முடிவு செய்யக் கூடாது.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலிருந்து எடுத்து ஏஐ-யில் மெருகேற்றினால்?

வேண்டாம். தெருவில் நின்று பார்ப்பது போலக் காட்டும் இந்தச் சேவை 2022 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது முதல் பத்து நகரங்களில் சென்னையும் இருந்தது. அதனால் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படம் உங்களுடையது இல்லை, விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள அவர்கள் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அது எப்போது எடுத்த படம் என்பதும் இன்னொரு சிக்கல். மூன்று வருடத்தில் இங்கே ஒரு தெரு அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

நிஜப் படம் எடுக்க ட்ரோன் வைத்தால் அனுமதி வேண்டுமா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ள நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எடை குறைவு என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வான்வெளியைப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதி வேண்டும். மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்கும் நம் பகுதியில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஏறவிடுவார்கள்.

நான் வெறும் புரோக்கர். புரோமோட்டர் கொடுத்த படத்தைத்தான் பார்வர்டு செய்கிறேன்.

ரெரா திட்டத்தில் விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் 9-ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு இடம்கொடுக்கக் கூடாது என்று 10-ஆம் பிரிவு ஏஜென்டையும் கட்டுகிறது. மீறினால் 62-ஆம் பிரிவில் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். சட்டத்தை விடுங்கள், சைட்டில் முகத்தைக் காட்டி நிற்பது நீங்கள்தான். புரோமோட்டர் ஆபீசில் இருப்பார்.

நடைமுறையில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இந்தப் படத்துல எது நிஜம், எது ஏஐ? ஒரு வரி வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க." நிஜம் என்று எழுத்தில் சொல்லத் தயங்கினால், பார்வர்டு செய்யாதீர்கள்.

லேபிள் எப்படிப் போடுவது? பேஸ்புக்கே போட்டுவிடுமே?

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 2024-லிருந்து ஏஐ படங்களுக்கு அடையாளம் காட்டுகின்றன, ஆனால் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. படத்துக்குள் பதிந்திருக்கும் தகவலை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலும். அந்தப் படம் நாலு வாட்ஸ்அப் குரூப் தாண்டி வந்தால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். 2026 பிப்ரவரி 20 முதல் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தமும், நிஜம் போல் தோன்றும் செயற்கைப் படங்களுக்கு அடையாளம் கேட்கிறது. முதலில் வந்த வரைவில் படத்தின் பரப்பில் 10 சதவீதம் லேபிள் இருக்க வேண்டும் என்றார்கள், இறுதி விதியில் அந்த அளவை விட்டுவிட்டார்கள். அது முக்கியமாகத் தளங்களின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு படத்தின் மேலேயே எழுதுவது.

நான் எழுதும் வரி இது: "வரப்போகும் சாலையும் வீடுகளும் ஏஐ-யில் வரைந்தவை. சுற்றியுள்ள இடம் நிஜப் போட்டோ, எடுத்த மாதம்:" என்று போட்டு மாதத்தையும் ஆண்டையும் சேர்ப்பேன். படத்தின் ஓரத்தில் வைத்தால் கத்தரித்துவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பேன்.

நான் வாங்குகிறவன். படம் ஏஐ-யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகை எழுத்தையும் நிழலையும் பார்க்கச் சொல்லி ஆயிரம் பேர் சொல்வார்கள். மாடல்கள் மாதத்துக்கு மாதம் தேறி வருவதால் அந்தச் சோதனை ரொம்ப நாள் தாங்காது. படத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, அங்கே ஏற்றியிருக்கும் லேஅவுட் பிளானை இறக்கிக்கொள்ளுங்கள். படத்தில் உள்ள பூங்காவும் சாலை அகலமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர்கள் அனுப்பும் காரில் போகாமல், ஒரு மழை நாளில் நீங்களாகப் போங்கள். டீக்கடையில் "2015-ல இங்க தண்ணி எவ்வளவு நின்னுது?" என்று கேளுங்கள். கடைக்காரர் சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

ஏற்கனவே போட்ட படங்களை என்ன செய்வது?

புதிதாகப் பரவாமல் நிறுத்துங்கள். ஆனால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். எந்தப் படம், எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். அந்தப் படம் ஓடிய நாட்களில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, நிஜப் போட்டோவை அனுப்பி, "இதுதான் இப்போது இருக்கும் நிலை, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். என் ஏரிப் படத்துக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாலு பேர் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பாட்டியின் குடும்பம் மட்டும், ஏரியிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கம் ஒரு மனை இருக்கிறதா என்று கேட்டது. இருந்தது.